வாசியில்லாக் காசு

சைவாசிரியர்களே,

திருவீழிமிழலையிலே பஞ்சம் வந்த காலத்து நிகழ்ந்த செய்தியை நீங்கள் எல்லீரும் மாணாக்கருக்குப் படிப்பித்திருப்பீர்கள். மழை பொய்த்தது, விளைவு குன்றியது, அடியார்கள் பசியினால் வருந்தினார்கள். அக்காலத்திலே திருஞானசம்பந்தமூர்த்தி நாயனாரும் திருநாவுக்கரசு நாயனாரும் அத்தலத்திலே எழுந்தருளியிருந்தார்கள். பரமசிவன் இருவருக்கும் கனவிலே தோன்றி, அடியார்களை ஊட்டும்பொருட்டு நாடோறும் ஒவ்வொரு காசு தருவோம் என்று அருளிச்செய்து, கிழக்குப் பீடத்திலே ஆளுடைய பிள்ளையாருக்கும் மேற்குப் பீடத்திலே ஆளுடைய அரசுக்கும் படிக்காசு வைத்தருளினார். இரண்டு திருமடங்களிலும் அன்னம் இடப்பட்டது. ஆனால் அரசுகள் மடத்திலே உச்சிக்கு முன்னே அடியார்கள் உண்டெழ, பிள்ளையார் மடத்திலே பொழுது சாய்ந்தது. காரணம் வினாவியபொழுது, பிள்ளையாருக்கு வைத்த காசிலே வாசி உண்டு என்றும், கடைகாரர் வட்டங் கழித்தே பண்டம் கொடுக்கின்றனர் என்றும், அரசுகளுடைய காசுக்கு அஃது இல்லை என்றும் சமைப்போர் விண்ணப்பஞ் செய்தார்கள். அரசுகள் கையினாலே உழவாரத் தொண்டு செய்தலினாலே அவர் காசு வாசியில்லாக் காசாயிற்று என்று பிள்ளையார் உணர்ந்து, திருப்பதிகம் பாடி, வாசி நீங்கப் பெற்றார்.

வாசி இன்னதென்று பிள்ளைகள் கேட்பார்கள். தேய்ந்த நாணயத்தையும் மாற்றுக் குறைந்த பொன்னையும் வணிகன் முழு விலைக்கு ஏற்கமாட்டான். குறைவுக்குத் தக்கபடி கழித்துக்கொள்வான். அக்கழிவே வாசி. சோதனைத்தாளிலே "கைத்தொண்டு செய்தமையால்" என்று பிள்ளை எழுதினால் நாமும் புள்ளியிட்டு அடுத்த வினாவுக்குப் போய்விடுகின்றோம். அவ்வாறு போகாமல், இச்சரிதத்தைக் கையிலே வைத்துக்கொண்டு சண்டிலிப்பாயின் ஒழுங்கைகளிலே சற்றே நடந்து பார்ப்போமாக.

முதலாவது கருதத்தக்கது, இறைவன் அரிசி மழை பொழிவித்திலன் என்பது. பொழிவித்திருக்கலாம். அவன் கொடுத்தது காசு. காசு கொடுத்தமையினாலே சமையற்காரன் கடைவீதிக்குப் போகவேண்டியதாயிற்று, வணிகனோடு பேசவேண்டியதாயிற்று, வணிகன் காசை உரைத்துப் பார்க்கவேண்டியதாயிற்று. திருவருளும் சந்தையின் வழியே நடந்து வந்தே இலையில் விழுந்தது. ஆகையால் பணத்தைத் தீண்டத்தகாதது என்று பேசுதல் சைவமன்று. பணத்தைக் குறிக்குஞ் சொல்லும், சொல்லின் கருத்தைக் குறிக்குஞ் சொல்லும், மெய்யாக உள்ளதைக் குறிக்குஞ் சொல்லும் நம் மொழியிலே "பொருள்" என்னும் ஒரே சொல்லாயிருத்தலையும் எண்ணுக.

சண்டிலிப்பாய் ஆண்டு முழுதும் ஓடும் ஆறில்லாத ஊர். வலிகாமத்தின் மற்றைய ஊர்களைப் போலவே இதுவும் சுண்ணக்கல்லின்மேலே செம்மண் பரந்த நிலம். கல்லை வெட்டிக் கிணறு தோண்டினாலன்றி நீரில்லை. கிணறு தோண்டல் ஒருவன் பொருளினாலே ஆகாமையின், பலர் கூடித் தோண்டிப் பங்குக் கிணறு என்று வைத்து, முறையிட்டுத் துலா மிதித்து இறைத்தார்கள். இன்னாருக்கு இன்ன நாள் இறைப்பு என்பது காசில்லாக் கணக்கு. அடைப்பு, வேய்ச்சல், கதிர் வெட்டு முதலியவைகளும் பெரும்பாலும் கைம்மாற்றாகவே நடந்தன. ஆனால் காசு இல்லாத காலமெல்லாம் பொற்காலம் என்று மயங்கற்க. ஒல்லாந்தர் ஆட்சியிலே 1707-ஆம் ஆண்டில் எழுதித் தொகுக்கப்பட்ட தேசவழமையை எடுத்து வாசித்துப் பாருங்கள். அதிலே முதுசம், சீதனம், தேடியதேட்டம் என்று வீட்டின் ஒவ்வோர் உறவும் பொருளின் பெயரினாலேயே வகுக்கப்பட்டிருக்கின்றது. வட்டிக்கு ஈடாக நிலத்தின் பயனை அனுபவிக்கும் ஒற்றி முறை சொல்லப்பட்டிருக்கின்றது. அந்நூலிலேயே அடிமைகளைப்பற்றிய விதிகளும் இருக்கின்றன. மனிதனும் சொத்தாக எண்ணப்பட்ட காலம் அது. இலங்கையிலே அடிமை முறை சட்டத்தினாலே ஒழிக்கப்பட்டது 1844-ஆம் ஆண்டில்.

இதனைச் சொல்லுதற்குக் காரணம் உண்டு. காசு வந்து நம் பண்பைக் கெடுத்தது என்று மேடைகளிலே பேசுவோர் பலர். காசுக்கூலி வருமுன்னே, ஆண்டு முழுதும் உழைத்தவன் அறுவடையிலே சிலபடி நெல்லும் பண்டிகைக்கு ஒரு வேட்டியும் பெற்று, கமக்காரன் வாசலிலே நின்று, நாச்சியார் என்றும் நயினார் என்றும் விளித்துக்கொண்டிருந்தான். நாட்கூலி காசாகக் கையில் விழுந்தபொழுதே, "இன்றைக்கு உங்களுக்கு வரமாட்டேன், வேறிடத்துக்குப் போகின்றேன்" என்று சொல்ல அவனுக்கு வாய் உண்டாயிற்று. சைவப் பிரசங்கிகள் செய்யாது விட்ட வேலையிற் சிறிதைக் கூலிக்காசு செய்தது என்று ஒத்துக்கொள்ளல் நமக்கு வெட்கமேயாயினும், ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும். 1968-ஆம் ஆண்டிலே மாவிட்டபுரத்திலே ஆலயப் பிரவேசத்தின்பொருட்டு நின்றவர்களின் பின்னேயும், தம் கையாற் சம்பாதித்துத் தம் பிள்ளைகளைப் படிப்பித்த ஒரு தலைமுறை நின்றது.

பின்வந்த செய்திகளை விரைந்து சொல்லிப்போகின்றேன். யாழ்ப்பாணத்துப் புகையிலை திருவிதாங்கூருக்குப் போயிற்று. அங்கே தீர்வை உயர்ந்து வியாபாரஞ் சுருங்க, இங்கே தோட்டக்காரன் வீட்டிலே கலியாணந் தள்ளிப்போயிற்று. ஆங்கிலம் படித்தவர்கள் மலாயாவுக்குப் போய்ப் புகையிரதப் பகுதியிலும் அரசாங்கக் கந்தோர்களிலும் எழுதுவினைஞராயினர். அவர்கள் அனுப்பிய காசுக்கட்டளைகளினாலே கல்வீடுகளும் கோயில் மண்டபங்களும் பாடசாலைகளும் எழுந்தன. 1942-இல் சப்பானியர் மலாயாவைப் பிடித்தபொழுது தபாற்காரன் வெறுங்கையோடு வந்தான். 1970 முதல் 1977 வரை மிளகாயும் வெங்காயமும் இறக்குமதியாகாது தடுக்கப்பட்டிருந்தமையால் நம் தோட்டக்காரர் தலைநிமிர்ந்தனர்; 1977-இல் கதவு திறக்கப்பட்டபொழுது விலை விழுந்தது. ஒரு கையொப்பம் கொழும்பிலே இடப்படுகின்றது. அதன் பயனாகச் சண்டிலிப்பாயிலே ஒரு பெண்ணின் கழுத்தில் தாலி ஏறுகின்றது, அல்லது ஏறாமற் போகின்றது. உலகியல் என்பது இதுவே.

1983-இன் பின்னே நம்மவர் கனடா, சுவிற்சர்லாந்து, இங்கிலாந்து, பிரான்சு முதலிய தேசங்களுக்குச் சிதறினர். மரண அறிவித்தலை உற்றுப் பார்ப்பின் இப்பொருளாதாரம் முழுதும் அதிலே எழுதப்பட்டிருக்கும். சண்டிலிப்பாயைப் பிறப்பிடமாகவும் இன்ன தேசத்தை வதிவிடமாகவும் கொண்டவர் என்று தொடங்கி, மக்கள் மருமக்கள் பெயர்தோறும் அடைப்புக்குறிக்குள் ஒவ்வொரு தேசம். அடைப்புக்குறி இல்லாதவர் யாரோ, அவரே பந்தம் பிடித்தவர், பாடைக்குத் தோள் கொடுத்தவர், எட்டுச்செலவுக்கு மரக்கறி வாங்கினவர்.

ஈண்டு ஒரு நாளை நினைவூட்டுகின்றேன். 1995-ஆம் ஆண்டு ஐப்பசி மாதம் 30-ஆந் திகதி வலிகாமத்து மக்கள் லட்சக்கணக்கானோர் ஒரே இரவிலே நாவற்குழிப் பாலத்தை நோக்கி நடந்தார்கள். காணி உறுதியும் நகைப்பொட்டலமும் ஒரு பையிலே. கிழவி சைக்கிள் கரியரிலே. தென்மராட்சியிலே வீட்டுக்காரர் தம் விறாந்தையையும் மாட்டுக் கொட்டிலையும் முன்பின் அறியாதவர்களுக்குத் திறந்துவிட்டனர். வாடகை கேட்டவரும் உண்டு, அதனை மறைத்தலாகாது. கேளாதவர் பலர். அதற்கு முன்னே ஐந்தாண்டு பொருளாதாரத் தடையிலே, ஜாம் போத்தல் விளக்கிலே சில துளி மண்ணெண்ணெய் விட்டுப் பிள்ளைகளைப் படிப்பித்தவர்களும் இவர்களே. பணம் ஒரு பயனுமின்றிக் கிடந்த அந்நாட்களிலே மனிதருக்குள்ளே எது செல்லும் நாணயமாயிருந்தது என்று அவற்றைக் கண்ட ஆசிரியர்கள் மாணாக்கருக்குச் சொல்லவேண்டும். சொல்லாவிடின் அவர்களோடு அதுவும் போய்விடும்.

இனி நம் கண்முன்னே நடந்தது. 2022-ஆம் ஆண்டு பங்குனி தொடங்குமுன் அமெரிக்க டொலர் ஒன்று ஏறத்தாழ 200 ரூபா. வைகாசியிலே ஏறத்தாழ 360 ரூபா. சித்திரையிலே அரசாங்கம் வெளிநாட்டுக் கடனைத் திருப்பிக் கொடுத்தலை நிறுத்தியது. புரட்டாதியிலே கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டியின்படி ஓராண்டில் விலையேற்றம் நூற்றுக்கு எழுபதை அண்மியது. ஒரே ஒழுங்கையிலே இரண்டு வீடு. ஒரு வீட்டுக்கு மகன் மாதந்தோறும் 100 டொலர் அனுப்புகின்றான்; அவன் ஒரு மணிநேரமும் மிகுதியாக உழைக்காமலே 20,000 ரூபா 36,000 ரூபாவாயிற்று. அடுத்த வீட்டிலே தகப்பன் மேசன்மாருக்குக் கையாள். சீமெந்து விலை ஏறியமையால் வீடு கட்டுவார் இல்லை. அவன் கூலி ஏறாமற்போனதுமன்றி வேலைநாளே இல்லையாயிற்று. இருவீட்டார் பிள்ளைகளும் நம் வகுப்பிலே ஒரே வாங்கிலே இருக்கின்றனர். இவ்விருவரிடையே எழுந்த வேற்றுமைக்கு இருவரும் ஒன்றுஞ் செய்திலர். இதனைப் பழவினை என்று சொல்லி வாளாவிருப்போமாயின், வினைக்கொள்கையை நாம் சோம்பலுக்குச் சால்வையாகப் போர்த்திக்கொண்டோம் என்க.

அவ்வாண்டு நவராத்திரியிலே நான் செய்த ஒரு பிழையைச் சொல்லுகின்றேன். நான் அப்பொழுது படிப்பித்த பாடசாலையின் பெயர் இங்கே வேண்டுவதன்று. வாணி விழாவுக்குத் தலைக்கு 500 ரூபா என்று தண்டினோம். கூடக் கொடுத்தவர்களை ஊக்குவித்தல் நன்று என்று எண்ணி, காலைக் கூட்டத்திலே நானே பெயர்ப்பட்டியலை வாசித்தேன். கனடாவிலே தகப்பனிருக்கும் ஒரு பையன் 10,000 ரூபா கொண்டுவந்தான், கை தட்டுவித்தேன். கொடாதவர் பெயரை வாசித்திலேன். அதனால் தீங்கில்லை என்று எண்ணினேன். வாசிக்கப்படாத பெயரே எல்லார் காதிலும் கேட்கும் என்பது எனக்குத் தெரியவில்லை.

ஆறாம் வகுப்பிலே ஒரு பெண்பிள்ளை மறுநாள் வரவில்லை. அதன் மறுநாளும் வரவில்லை. காய்ச்சல் என்று தோழி சொன்னாள். மூன்றாம் நாள் பின்னேரம் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனேன். பிள்ளை முற்றத்திலே ஆட்டுக்குக் குழை கட்டிக்கொண்டு நின்றாள். என்னைக் கண்டதும் உள்ளே ஓடினாள். தாயார் வந்து, "காசில்லையெண்டு சொல்லியனுப்ப எனக்கு வாய் வரேல்லை, சேர், அதுதான் காய்ச்சல் எண்டு சொல்லச் சொன்னனான்" என்றார். அவர் காதிலே தோடு இருந்த இடத்திலே வேப்பங்குச்சி இருந்தது. தோடு அடைவிலே. வட்டி கட்டுதற்குச் சீட்டுப் பிடித்திருக்கின்றார். சீட்டுக்காசு கட்டுதற்கு அயலிலே கைமாற்று. அவர் இதனையெல்லாம் என்னிடம் முறைப்பாடாகச் சொல்லவில்லை. தேத்தண்ணீருக்குச் சீனி இல்லாமைக்குக் காரணஞ் சொல்லுவார் போலச் சொன்னார்.

10,000 ரூபா கொடுத்த பையனைப்பற்றியும் சொல்லாவிடின் செய்தி பாதியாய் நின்றுவிடும். கை தட்டியபொழுது அவன் முகம் மலரவில்லை. பின்னொரு நாள் விசாரித்தேன். தகப்பன் போய் ஒன்பது ஆண்டு. தகப்பன் முகத்தை அவன் தொலைபேசியிலேயன்றி அறியான். காசு வந்த நாளெல்லாம் தகப்பன் வாராத நாள் என்றே அவன் உள்ளம் கணக்கு வைத்திருந்தது. அந்தக் காசு எங்கோ ஓர் உணவுச்சாலையின் பின்கட்டிலே, உறைபனிக் காலத்திலே, இரண்டு வேலை முறை நின்று சம்பாதித்தது. அஃது உழவாரக் காசு, வாசியில்லாக் காசு. அதற்கு நான் கைதட்டல் என்னும் வாசியை ஏற்றினேன்.

இங்கேயே நம் ஆலயங்களின் சங்கதியும் வருகின்றது. எந்த ஆலயம் என்று சொல்லேன். எல்லீருக்கும் தத்தம் ஊரிலே ஒன்று தோன்றும். மூன்றாந் திருவிழா ஒருவருடையது, ஏழாந் திருவிழா இன்னொருவருடையது. அவர் எட்டு மேளம் பிடித்தால் இவர் பத்து மேளம். மின்குமிழிலே உபயகாரர் பெயர், மணியிலே பெயர், கால் வைக்கும் படிக்கல்லிலும் பெயர். தம் பெயரைப் பிறர் மிதித்தலையும் பொருட்படுத்தாத அளவுக்கு அப்பெயரிலே பற்று! கள்ளக்கணக்கிலே வெளிநாட்டுக் காசு மாற்றுதலையும் உண்டியல் என்கின்றோம். கோயில் வாசலிலே இருப்பதையும் உண்டியல் என்கின்றோம். வாசலுண்டியலுக்கு ஒரு சிறப்பு உண்டு: அதன் வாய் சிறிது, இட்டவன் யார், இட்டது எவ்வளவு என்று அது சொல்லாது.

குங்குலியக்கலய நாயனார் மனைவியாருடைய தாலியை நெல்லுக்காகக் கொண்டுபோய்க் குங்குலியத்துக்குக் கொடுத்துவிட்டாரன்றோ, ஆகையாற் கடன்பட்டுந் திருவிழாச் செய்தல் தகும் என்று ஒருவர் என்னோடு வாதித்தார். நாயனார் வாங்கியது புகை. அது எழுந்து சந்நிதியிலே பரந்து மறைந்துபோயிற்று. அதிலே பெயர் எழுத இடமில்லை. அன்றியும் அத்தாலியை அம்மையாரே தம் கையாற் கழற்றிக் கொடுத்தார். நம் ஊரிலே திருவிழாக் கடனுக்காக அடைவுக்குப் போகும் நகை எவ்வாறு கழற்றப்படுகின்றது என்பதை அந்தந்த வீட்டுப் பெண்களிடங் கேட்டாலன்றி அறியமுடியாது. கேட்பார் எவருமிலர்.

சீதனத்தைப்பற்றி நீளச் சொல்லேன். மாப்பிள்ளை இருக்குந் தேசத்துக்குத் தக்கபடி தொகை ஏறி இறங்குதலை நீங்கள் அறிவீர்கள். ஒன்றுமாத்திரம். சீதனம் தேசவழமையிலே பெண்ணுக்கே உரிய சொத்து. அவள் தாய்வீட்டிலிருந்து கொண்டுபோய் தன் பெண்மக்களுக்குக் கொடுத்துப்போவது. டொனேசன் என்று மாப்பிள்ளை வீட்டார் கையிலே எண்ணி வாங்குவது அதுவன்று. அது பெரும்பாலும் அவ்வீட்டுத் தங்கைக்குச் சீதனமாகப் போகின்றது. இவ்வாறு ஒரு தகப்பன் கடன்பட்ட காசு நாலு வீடு சுற்றுகின்றது, ஒருவீட்டிலும் தங்குவதில்லை. இரண்டையும் ஒரே சொல்லினாலே சொல்லிச் "சீதனம் நம் மரபு" என்று வாதிக்கின்றவர்களுக்கு வேற்றுமையைக் காட்டுதல் ஆசிரியர் கடன். உயர்தர வகுப்புப் பெண்பிள்ளைகள் இதனைக் கேட்டுக் கண்ணை அகல விரிக்கின்றார்கள். தம்முடைய சட்டம் தமக்கே தெரியாது.

நாமும் பணத்துக்குப் புறத்தே நிற்பவர்களல்லேம். 1945-இலே இலவசக் கல்வி வந்தது. 1960, 1961-இலே பாடசாலைகள் அரசாங்கத்தின் கையிலே போயின. பிள்ளைக்குச் சம்பளம் இல்லை. ஆயினும் முன்வாசலிலே நிறுத்தப்பட்ட காசு ரியூசன் என்னும் பின்வாசலாலே உள்ளே வந்துவிட்டது. பகலிலே வகுப்பில் அரைகுறையாக விட்ட கணக்கை மாலையிலே காசுக்கு முழுதாகச் செய்துகாட்டுவோர் நம்முள் இலர் என்று சத்தியஞ் செய்ய முடியுமா? விலையேறிய காலத்திலே ஆசிரியர் சம்பளத்தின் பெறுமதி ஏறத்தாழப் பாதியாயிற்று, வீட்டிலே அடுப்பு எரியவேண்டும், அது மெய். மாலை வகுப்பு எடுத்தல் பிழை என்று நான் சொல்லவில்லை. பகற்பாடத்தைக் குறைத்து மாலைப் பாடத்துக்கு ஆள் சேர்த்தல் வாசியுள்ள காசு. கடைகாரன் அதனை வாங்கிக்கொள்வான். பிள்ளை உரைத்துப் பார்த்துவிடும்.

செய்யத்தக்கது யாது என்று கேட்பீர்கள். பெரியது ஒன்றுஞ் சொல்லேன். வட்டிக்கணக்குப் படிப்பிக்கும்பொழுது புத்தகத்திலுள்ள கணக்கோடு, ஒரு பவுண் தோட்டை அடைவு வைத்து ஒன்றரை ஆண்டு திருப்பாதிருந்தால் எவ்வளவு கட்டவேண்டும், கிழமைக்கடன் வாங்கினால் எவ்வளவு கட்டவேண்டும் என்று பிள்ளைகளைக் கொண்டே செய்வியுங்கள். பிள்ளை அக்கணக்கை வீட்டுக்குக் கொண்டுபோகும். சமய பாடத்திலே படிக்காசுச் சரிதம் வரும்பொழுது, தன் வீட்டுக்கு வருங் காசு யாருடைய எந்த வேலையிலிருந்து வருகின்றது என்று ஒரு பக்கம் எழுதச் சொல்லுங்கள். அப்பக்கத்தை உரக்க வாசிப்பியாதீர்கள்.

வாணி விழாவுக்கு நான் கண்ட வழி பழையது. நல்லூர் ஆறுமுகநாவலரவர்கள் 1848-ஆம் ஆண்டு வண்ணார்பண்ணையிலே சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கி, அதனை நடத்தப் பொருள் போதாமையால் வீடுதோறும் பிடியரிசி சேர்த்தார்கள். சோறு சமைக்க அரிசி அளக்கும் பெண்கள் ஒரு பிடியை வேறாக எடுத்து வைப்பார்கள். செல்வர் வீட்டுப் பிடியும் ஏழை வீட்டுப் பிடியும் கையளவினால் ஒன்றே. மறு ஆண்டு நாங்களும் அதனையே செய்தோம். தண்டல் இல்லை; பட்டியல் இல்லை. மண்டப வாசலிலே வாயைத் துணியாற் கட்டி, கை நுழையுமளவு திறந்த ஒரு பெரும்பானை. பிள்ளைகள் வரிசையாக வந்து கையை உள்ளே விட்டு எடுத்தார்கள். சிலர் கையிலே அரிசி இருந்திருக்கும். சிலர் வெறுங்கையை விட்டு எடுத்திருப்பார்கள். வெளியே நின்றவர்களுக்கு எல்லாக் கையும் ஒன்றாகவே தோன்றின. அதிபர் முதலிலே தயங்கினார். பின்பு தாமும் வரிசையிலே நின்றார்.

பானையை அவிழ்த்தபொழுது சிவப்புப் பச்சையரிசியும், வெள்ளை நாட்டரிசியும், கடையிலே வாங்கிய சம்பாவும் கலந்து கிடந்தன. கல் பொறுக்கினவர்களுள் அப்பெண்பிள்ளையும் இருந்தாள். அரிசிக்குள்ளே ஐந்து ரூபாக் குற்றி ஒன்றும், சுற்றி மடித்த ஆயிரம் ரூபாத் தாள் ஒன்றும் அகப்பட்டன. இரண்டையும் சருக்கரைக்கும் பயற்றுக்குமாகக் கொடுத்தோம். பொங்கல் சற்றே குழைந்துவிட்டது, மூவகை அரிசியும் ஒரே பதத்தில் வேகாமையால். அடுத்த ஆண்டு பச்சையரிசியை முன்னே போடவேண்டும் என்று சமைத்த அம்மையார் சொல்லிப்போனார். மிஞ்சிய அரிசி இரண்டு கொத்து. அதனை எந்த வீட்டுக்குக் கொடுப்பது என்று ஆசிரியர் அறையிலே பேச்செழுந்தபொழுது, அந்த வீட்டுப் பெயரைச் சொல்லாமலே ஒருவர் பையை எடுத்துத் தம் சைக்கிளிலே கொழுவிக்கொண்டு போனார்.